ரப்பர் புழுவில் விரால்: எப்போது இழுப்பது, எப்போது விடுவது

தூண்டிலில் இரையாகக் கோர்க்கும் ரப்பர் புழு ஒரு பாக்கெட் வாங்கி, யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் பாஸ் மீன் பிடிப்பதை இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்து, குளத்தில் நாலு நாள் வீசி, ஒன்றும் கடிக்காமல் எல்லாவற்றையும் அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டவர்கள் நாகர்கோவில் பக்கம் நிறைய உண்டு. முதல் ஒரு மாதம் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். ஒருநாள் காலையில் படித்துறையின் மறுமுனையில் மூங்கில் கம்பும் தவளையுமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டா என்னை அரைமணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, நீ இப்பிடி அனக்கிக்கிட்டே கெடந்தா அது எப்பம்டே கடிக்கும்? கொஞ்சம் அனக்காம விடு."

அனக்குவது என்றால் எங்கள் பக்கத்தில் அசைப்பது. அவர் ரப்பர் புழுவைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனால் என் தப்பு எதுவோ அதைச் சொல்லிவிட்டார். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். அந்த வீடியோக்களில் வரும் பாஸ், பெரிய வாய்கொண்ட வட அமெரிக்க நன்னீர் மீன். அது நம் குளங்களில் கிடையாது. ஆனால் விராலும் அதே மாதிரி வாழ்கிற மீன்: ஆழம் குறைந்த தண்ணீர், செடி கொடிக்குள் மறைவு, பக்கத்தில் இரை வந்தால் ஒரே பாய்ச்சல். அதனால் பாஸுக்குச் செய்த புழுவும் வீச்சும் விராலுக்கு அப்படியே பொருந்துகின்றன. 2002இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் ஒரு குளத்தில் நம் விராலின் சொந்தக்கார மீன், ஆங்கிலத்தில் நார்தர்ன் ஸ்னேக்ஹெட், பிடிபட்டபோது அங்கே பெரிய களேபரமே நடந்தது. இன்று அந்தப் பக்கத்து பாஸ் தூண்டில்காரர்கள் அதையும் விரும்பிப் பிடிக்கிறார்கள்.

இன்னொன்று, நாம் ரப்பர் புழு என்று சொன்னாலும் இது ரப்பரே இல்லை. ரப்பர் பால் வெட்டுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை ரப்பர் என்பது கொஞ்சம் வெட்கம்தான். 1949இல் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் வீட்டு அடுப்பில் வினைலையும் எண்ணெயையும் நிறத்தையும் சேர்த்துக் காய்ச்சி அச்சில் ஊற்றியதுதான் இந்தப் புழுவின் ஆரம்பம். இன்றும் சரக்கு கிட்டத்தட்ட அதேதான். பெயர் நிலைத்துவிட்டது, நானும் ரப்பர் என்றே எழுதுகிறேன்.

சாமான்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஏழடி ராடு (தூண்டில் கம்பு), மீடியம் ஹெவி, அதாவது கொஞ்சம் விறைப்பானது. 3000 அளவு ஸ்பின்னிங் ரீல். நரம்பு மட்டும் பிரெய்டாக, அதாவது இழைகளைப் பின்னிய வகையாக இருக்கட்டும், 30 பவுண்டு தாங்குவது. தாமரைக் குளம் என்றால் 40, 50 பவுண்டுகூடப் போகலாம். சாதாரண தங்கூஸ் நரம்பு இழுத்தால் நீளும். புழு அடியில் என்ன செய்கிறது என்பது கைக்கு வராது. பிரெய்டு முனையில் மூன்றடிக்கு ஃப்ளூரோகார்பன் லீடர் (முள்ளுக்கு முன்னால் வரும் தனி நரம்புத் துண்டு) கட்டிக்கொள்ளுங்கள். விராலின் பல் சின்னதாக இருந்தாலும் கூர்மை.

முள்ளில் ஆஃப்செட் என்று கேட்டு வாங்க வேண்டும், கழுத்தில் ஒரு மடிப்பு உள்ள வகை. 5 அங்குலப் புழுவுக்கு 3/0 அளவு முள், கனத்த புழுவுக்கு அதைவிடப் பெரிய 4/0. தோட்டா வடிவ ஈயம் 3.5 கிராம், 5 கிராம், 7 கிராம் என்று மூன்று அளவு. புழுவில் நேரான வால் ஒரு பாக்கெட், சுருள் வால் ஒரு பாக்கெட். கால்வாய்த் தண்ணீர் வந்து குளம் கலங்கிக் கிடந்தால் கறுப்பு அல்லது கரும் ஊதா. தெளிந்த தண்ணீரில் பாசிப் பச்சை. இருபது நிறம் வாங்கிக் குவிப்பது கடைக்காரருக்குத்தான் நல்லது.

புழுவைக் கோர்ப்பது

இங்கே அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண். டெக்சாஸ் ரிக் என்று சொல்லும் முறையிலிருந்து தொடங்குங்கள். முள் முனை புழுவுக்குள் ஒளிந்திருக்கும் என்பதால் தாமரைத் தண்டில் மாட்டாது.

ஈயத்தின் கூர்முனை ராடைப் பார்த்து இருக்கும்படி நரம்பில் கோர்த்துவிட்டு, அப்புறம் முள்ளைக் கட்டுங்கள். முள் முனையைப் புழுவின் தலை உச்சியில் நேராக ஒரு சென்டிமீட்டர் இறக்கி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள் கண் வரைக்கும் புழுவை மேலே தள்ளுங்கள். கழுத்து மடிப்பு தலைக்குள் போய் உட்காரும். இப்போது முள்ளைத் திருப்பினால் முனை புழுவின் உடம்பைப் பார்க்கும். புழுவைத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு உடம்பில் எந்த இடத்தில் படுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் குத்தி மறுபக்கம் எடுங்கள். கடைசியாக முனையை மட்டும் புழுவின் தோலில் லேசாகச் செருகி மறைத்துவிடுங்கள்.

முடித்ததும் கண்ணுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். புழு கம்பிபோல் நேராகத் தொங்க வேண்டும். நடுவில் கூன் விழுந்திருந்தால் இழுக்கும்போது பம்பரமாய்ச் சுற்றும், நரம்பு முறுக்கிக்கொள்ளும், எந்த மீனும் அதைப் புழு என்று நம்பாது. கூன் இருந்தால் கழற்றி மறுபடி கோருங்கள். நான் முதல் மாதத்தில் வீசியது முக்கால்வாசி கூன் புழுதான்.

அடர்ந்த செடிக்குள் போடும்போது ஈயம் ஒரு பக்கமும் புழு ஒரு பக்கமும் பிரிந்து சிக்கும். ஈயத்தின் துளைக்குள் ஓர் ஈர்க்குச்சித் துண்டைச் செருகி ஒடித்துவிட்டால் அது நகராது. இதற்கென்று தனியாக விற்கும் ரப்பர் ஆப்பும் உண்டு. வீட்டுத் துடைப்பம் போதும்.

முதல் நாள் மீன் பிடிக்காதீர்கள்

தண்ணீர் தெளிந்த படித்துறை ஒன்றைப் பாருங்கள். துணி துவைக்க ஆள் வருவதற்கு முன்னால் போய்விடுங்கள். மூன்றாவது படியில் நின்று, புழுவைக் கண்ணுக்குத் தெரிகிற ஆழத்தில் போட்டு, அது என்ன செய்கிறது என்று பாருங்கள். ராடு முனையை ஒரு சாண் தூக்கினால் புழு எவ்வளவு எழும்புகிறது? நரம்பை இறுக்கிப் பிடித்தபடி இறக்கினால் அது உங்களைப் பார்த்து ஊஞ்சல்போல் வளைந்து வரும். நரம்பைத் தளரவிட்டால் நேர் கீழே, வாலை ஆட்டிக்கொண்டு இறங்கும். இரண்டாவதுதான் விராலுக்குப் பிடித்தது. அடியில் போய்ப் படுத்த பிறகும் வால் ஒன்றிரண்டு நொடி அசைந்துகொண்டிருப்பதையும் கவனியுங்கள். நீங்கள் எதுவுமே செய்யாமல் இருக்கும்போது புழு தன் வேலையைச் செய்கிறது. இதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் கை தானாக அடங்கும்.

வீச்சும் முதல் இறக்கமும்

விரால் தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டிய மீன். செவுளை மட்டும் நம்பி அதனால் இருக்க முடியாது. அதனால் காலையில் கரையில் பத்து நிமிஷம் சும்மா நின்றாலே போதும், எங்காவது 'ப்ளக்' என்று ஒரு சத்தம், ஒரு வளையம், இரண்டு குமிழி. அந்த இடத்தின் தலைமேல் புழுவைப் போடாதீர்கள். ஓடிவிடும். இரண்டு மூன்றடி தாண்டிப் போட்டு அதன் வழிக்குக் கொண்டுவாருங்கள்.

புழு தண்ணீரைத் தொட்டவுடன் நரம்பு ஓடாமல் தடுக்கும் ரீல் கம்பியைக் கையால் மூடிவிட்டு, ராடு முனையைத் தாழ்த்தி நரம்பைத் தளரவிடுங்கள். மனதுக்குள் எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. நரம்பு தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதுதான் தரை. அடுத்த வீச்சில் அஞ்சு எண்ண வேண்டிய இடத்தில் மூன்றிலேயே நின்றுவிட்டால், ஒன்று அங்கே மேடு இருக்கிறது, இல்லையென்றால் புழு ஒரு வாய்க்குள் இருக்கிறது. முதல் இறக்கத்திலேயே கடிப்பது அடிக்கடி நடப்பது. புதியவர்கள் அந்த நேரத்தில்தான் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

தூக்கி விடுதல்

எல்லா இழுப்புக்கும் தாய் இதுதான். ராடை கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணியில் தொடங்கி, நிதானமாகப் பதினொன்று வரை தூக்குங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். கிணற்றில் வாளி இருக்கிறதா என்று கயிற்றைத் தூக்கிப் பார்ப்பதுபோல் இருந்தால் போதும். அப்புறம் ராடு முனையை மறுபடி ஒன்பதுக்கு இறக்குங்கள். புழு விழும் வேகத்துக்கு ராடும் கூடவே இறங்க வேண்டும். நரம்பு தொங்கலாகவும் இருக்கக்கூடாது, விறைப்பாகவும் இருக்கக்கூடாது. தரை தட்டியதும் மிச்சத் தொங்கலை ரீலில் சுற்றிக்கொண்டு, ஐந்து நொடி அனக்காமல் நில்லுங்கள். அப்புறம் அடுத்த தூக்கு.

ரீல் இங்கே புழுவை இழுக்கும் கருவி இல்லை. ராடு இழுக்கிறது, ரீல் தளர்ந்த நரம்பை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. புதியவர்கள் ரீலைச் சுற்றியே புழுவைக் கொண்டுவருவதால் அது தரையைத் தொடுவதே இல்லை.

இந்த ஐந்து நொடி கரையில் நிற்பவருக்கு ஐந்து நிமிஷம் மாதிரி இருக்கும். நான் மனதுக்குள் வீட்டு போன் நம்பரை ஒரு முறை சொல்லிக்கொள்வேன். வெயில் ஏறி மீன் மந்தமாக இருந்தால் நம்பரை மூன்று முறை.

தரையோடு இழுத்தல்

செடி இல்லாத இடம், மடைப் பக்கத்துக் கல்கட்டு, கால்வாய் குளத்தில் சேரும் வாய் ஆகியவற்றில் தூக்குவதைவிட இது நன்றாக வேலை செய்யும். ராடைத் தண்ணீருக்கு இணையாகப் பக்கவாட்டில் ஓரடி நகர்த்துங்கள், நிறுத்துங்கள், சுற்றிக்கொள்ளுங்கள். புழு தரையை விட்டு எழவே கூடாது.

இதில் மீனைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. குளத்தின் அடி கைக்குத் தெரிய ஆரம்பிக்கும். சேறு என்றால் வெண்ணெயில் கத்தி போவதுபோல் கனமாக, சத்தமில்லாமல். கல் என்றால் 'டக், டக்'. தாமரைத் தண்டு என்றால் ரப்பர்பேண்ட் மாதிரி இழுபட்டு, சட்டென்று விடும். மீன் கடித்தால் 'டிக்' என்று ஒரே ஒரு சுண்டல், விரல் நகத்தில் யாரோ தட்டியதுபோல். தண்டையும் மீனையும் பிரித்தறிய எனக்கு ஒரு பூ, அதாவது ஒரு நெல் போகம் முழுக்க ஆனது. கும்பப்பூ நட்டபோது தொடங்கி அறுத்தபோதுதான் பிடிபட்டது.

மற்றவை

தாமரை இலைகளுக்கு நடுவே முறம் அளவுக்கு இலையில்லாத ஒரு பள்ளம் தெரிந்தால் ஈயத்தைக் கழற்றிவிடுங்கள். வெறும் புழுவை இலையின் மேலேயே போட்டு, பாம்புக்குட்டி ஊர்வதுபோல் மெதுவாக நகர்த்தி, இலை விளிம்பில் ஒரு நொடி நிறுத்தி, பள்ளத்துக்குள் தொப்பென்று விழவிடுங்கள். விராலுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. சில சமயம் இலையோடு சேர்த்து மேலே அடிக்கும். நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும்.

சுருள் வால் புழுவை நீருக்கு அரையடி கீழே ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே வருவது நீந்தவிடும் முறை. மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாத புதுக் குளத்தில் தேடிப் பார்க்க இது உதவும். சுற்றும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அதிலும் பாதி. நடு நடுவே ஒரு நொடி நிறுத்தினால் பின்னாலேயே வந்த மீன் அப்போதுதான் வாய் வைக்கும்.

புழுவை ஒரு தண்டின் அருகே நிறுத்தி, இடத்தை விட்டு நகராமல் ராடு முனையை மட்டும் நடுங்கவைப்பது இன்னொரு முறை. நரம்பு தளர்ந்திருந்தால்தான் புழு நின்ற இடத்திலேயே நடுங்கும். விறைத்தால் உங்களை நோக்கி வந்துவிடும். புழுவின் நடு இடுப்பில் முள்ளைக் குத்தி இரண்டு முனையும் ஆட விடும் வாக்கி ரிக், படித்துறை ஓரம் மாதிரி திறந்த இடத்துக்கு மட்டும். முள் வெளியே இருப்பதால் செடியில் போட்டால் செடிதான் வரும்.

கடித்த பிறகு

தக்கை போட்டு மண்புழுவில் கெண்டை பிடித்துப் பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். அங்கே தக்கை அமுங்கியதும் இழுப்போம். இங்கே தக்கை கிடையாது, நரம்புதான் தக்கை. 'டிக்' என்று தெரியலாம். எதுவுமே தெரியாமல் நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகரலாம். கனம் சட்டென்று இல்லாமல் போகலாம், மீன் புழுவோடு உங்களைப் பார்த்து நீந்தி வந்தால் அப்படித்தான் இருக்கும்.

பாஸ் பிடிப்பவர்கள் உடனே இழுக்கச் சொல்வார்கள். விரால் பல சமயம் முதலில் வாலைக் கவ்வி, பிறகு உள்ளே வாங்கும். அதனால் ஒரு நொடி பொறுங்கள். ராடு முனையை மீனைப் பார்த்துத் தாழ்த்தி, தொங்கலைச் சுற்றி எடுத்து, கனம் கைக்கு வந்ததும் ராடை ஒரே வீச்சில் மேலே தூக்குங்கள். விரால் வாய் எலும்பு, முள்ளும் புழுவுக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் தாண்ட வேண்டும் என்பதால் இந்த ஒரு இடத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். அப்புறம் மீனுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் தலையை மேலே வைத்தே சுற்றுங்கள். ஒரு தடவை தண்டுக்குள் புகுந்துவிட்டால் நீங்கள் கரைக்குக் கொண்டுவருவது ஒரு கட்டுப் பாசியாக இருக்கும்.

அடிக்கடி புழு வால் இல்லாமல் திரும்பி வருகிறதா? இன்னும் ஒரு நொடி கூடுதலாகப் பொறுங்கள், அல்லது 4 அங்குலப் புழுவுக்கு இறங்குங்கள்.

காற்று

நம் மாவட்டத்துக்கு என்று ஒரு தனித் தொல்லை இது. வைகாசி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வருகிற காற்று முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுகிற மாதிரியே உங்கள் நரம்பையும் வில்லாக வளைத்துவிடும். தோவாளைப் பக்கத்துக் குளங்களில் ஈயமில்லாத புழு அந்த நாட்களில் வேலைக்கே ஆகாது. 7 கிராம் போடுங்கள். காற்றுக்கு நேர் எதிராகவோ நேர் பின்னாகவோ வீசுங்கள், குறுக்கே வேண்டாம். புழு விழுந்ததும் ராடு முனையைத் தண்ணீருக்குள்ளேயே ஒரு விரற்கடை அமிழ்த்திப் பிடித்தால் வளைவு குறையும். தூக்கி விடுவதை மறந்துவிட்டுத் தரையோடு இழுங்கள். இல்லையென்றால் மேற்கே போய்விடுங்கள். ரப்பர்த் தோட்டமும் தென்னந்தோப்பும் சூழ்ந்த குளங்களில் காற்று இந்த அளவு படுத்தாது.

எங்கே, எப்போது

கும்பப்பூ அறுவடை நெருங்கிக் கால்வாயில் தண்ணீர் குறைந்து, குளம் உள்ளே வாங்கும் மாசி, பங்குனிதான் புதியவருக்கு நல்ல காலம். மீன் ஒதுங்க இடம் குறைவு. பேச்சிப்பாறை அணை திறந்து புதுத் தண்ணீர் வரும்போது கால்வாய் வாயில் நில்லுங்கள். நேரம் என்றால் விடிந்ததும், அந்தி சாயும்போதும்.

இறங்குவதற்கு முன் ஊரில் கேட்டுவிடுங்கள். குளத்து மீன்பாசி (மீன்பிடி உரிமை) பெரும்பாலும் ஏலத்தில் போயிருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பல இடங்களில் சிரித்துக்கொண்டே விடுவார்கள், சொல்லாமல் போனால் சிரிக்க மாட்டார்கள். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022இல் ராம்சார் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவை இடங்கள். ராடை எடுத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். பைனாகுலரோடு போகலாம்.

மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் கழிமுகங்களில் கொடுவாய்க்கும் இதே புழு ஓடும். ஆங்கிலத்தில் அதற்கு ஏசியன் சீ பாஸ் என்றே பெயர். அங்கே ஜிக் தலையில் (ஈயத்தலை வைத்த முள்) கோர்த்து, நீரோட்டத்துக்குக் குறுக்காக வீசி, ஓட்டமே புழுவை இழுத்துப் போகும்படி விடுங்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதலாம்.

குளத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மேய்வதைப் பார்த்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கின்றன என்று அர்த்தம். எதை அங்கே போட்டாலும் பாய்ந்து அடிக்கும், ஆனால் பசியால் அல்ல. அந்தப் பக்கம் வீசாமல் நகர்ந்துவிடுங்கள். பெற்றோர் போனால் அரைமணி நேரத்தில் கெளுத்தியும் குறவையும் அந்தக் குஞ்சுகளுக்குக் கணக்கு முடித்துவிடும்.

புழுவைப் பாதுகாப்பது

ரப்பர் புழுவைக் கட்டைமீன் மாதிரியான கடின பிளாஸ்டிக் இரைகளோடு ஒரே டப்பாவில் போட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். என் முதல் டப்பா முழுவதும் இப்படி ஒரு நிற அல்வாவாக ஆனது. வாங்கிய பாக்கெட்டிலேயே வைத்து, வண்டி சீட்டுக்கு அடியில் வெயிலில் விடாமல் இருந்தால் போதும். கறுப்பையும் பச்சையையும் சேர்த்து வைத்தால் நிறம் ஊறி இரண்டுமே கெட்டுவிடும்.

அறுந்த துண்டுகளைத் தண்ணீரில் வீச வேண்டாம், மக்காது, வாத்தும் மீனும் விழுங்கும். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தலை கிழிந்த 6 அங்குலப் புழுவையும் தூக்கிப் போடத் தேவையில்லை. கிழிந்த இடத்தை ஓர் அங்குலம் கத்தரித்துவிட்டு மறுபடி கோர்த்தால் 5 அங்குலப் புழு. அதுவும் கிழிந்தால் இடுப்பில் குத்தி வாக்கி. நான் இதுவரை பிடித்ததில் பெரிய விரால், அப்படி இரண்டு தடவை வெட்டிக் குறைத்த ஒரு கறுப்புத் துண்டைத்தான் கடித்தது. போன் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசி இலக்கத்துக்கு முன்னால்.